மியூவான் ஜி மைனஸ் டூ: அந்த 4.2 சிக்மா எங்க போச்சு?

[திரை: 14 மீட்டர் அகலமுள்ள காந்த வளையம், மேலிருந்து]

2021 ஏப்ரல் 7. எலக்ட்ரானோட கனமான உறவுத் துகளான மியூவானோட காந்தத் திருப்புத்திறன் கணக்கோட ஒத்துப்போகலை, 4.2 சிக்மா, அதாவது பிழையைப்போல 4.2 மடங்கு, இடிக்குதுன்னு அமெரிக்காவோட துகள் ஆய்வகம் ஃபெர்மிலேப் அறிவிச்சுது. 2025 ஜூன் 3-ல அதே பரிசோதனையோட இறுதி முடிவு வந்துது. அளந்த எண் கிட்டத்தட்ட அதேதான், ஆனா இடிப்பைக் காணோம். நடுவுல மாறினது கணக்கு.

[திரை: 2 → 2.00233]

தற்சுழற்சி உள்ள துகள் எவ்வளவு பலமான காந்தம்னு சொல்ற எண்தான் ஜி. எலக்ட்ரான் மாதிரித் துகள்களை விவரிக்கிற டிராக் சமன்பாட்டுப்படி அது 2. கணநேரம் தோன்றி மறையுற மெய்நிகர் துகள்கள் அதைக் கொஞ்சம் ஏத்திவிடும். ரெண்டைக் கழிச்ச அந்த மிச்சத்துல பாதியைத்தான் எல்லாரும் பேசுறாங்க. 1948-ல இயற்பியலாளர் ஷ்விங்கர் கணக்கிட்ட முதல் திருத்தமே 0.00116.

இன்னும் கண்டுபிடிக்காத கனமான துகள் ஒண்ணு இருந்தா, அதோட தடமும் இதுக்குள்ள இருக்கணும். அந்தத் தடம் பொதுவா லெப்டான் (எலக்ட்ரான், மியூவான், டவ் இருக்கிற குடும்பம்) நிறையோட இருமடிக்கு ஏத்தமாதிரி வளரும். மியூவான் எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனம். அப்போ தடம் சுமார் 43,000 மடங்கு. எலக்ட்ரானை ஆயிரம் மடங்கு துல்லியமா அளந்திருந்தாலும் மியூவான்தான் ஜெயிக்குது. டவ் இன்னும் கனம்தான், ஆனா 290 ஃபெம்டோ வினாடியில சிதைஞ்சுடும். வளையத்துல சுத்தவிட வழியே இல்லை.

[திரை: ஏறி இறங்கிக்கிட்டே தேயும் வரைபடம்]

மியூவான்கள் சுத்துற வளையத்துல காந்தப்புலம் 1.45 டெஸ்லா. உந்தம் 3.094 ஜிகா எலக்ட்ரான்வோல்ட். ஏன் சரியா இந்த உந்தம்? கற்றையைக் குவிக்கிற மின்புலம் தற்சுழற்சியைத் திருப்புற விளைவு இங்கதான் ரத்தாகுது. இந்த வேகத்துல 2.2 மைக்ரோ வினாடி ஆயுள் 64 ஆ நீளுது. 4.4 மைக்ரோ வினாடிக்கு ஒரு தடவை தற்சுழற்சி, ஓடுற திசையைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாத் திரும்புது. சிதைவுல வர்ற பாசிட்ரான்களை (எலக்ட்ரானோட எதிர்த்துகள்) ஆற்றலை அளக்கிற 24 கலோரிமீட்டர் எண்ணுது. அதிக ஆற்றலோட வர்றதோட எண்ணிக்கை இதே தாளத்துல ஏறி இறங்கும்.

சொதப்புற இடங்களும் உண்டு. ரெண்டு பாசிட்ரான் ஒண்ணா வந்து விழுந்தா கருவி அதை ஒரே பெரிய பாசிட்ரான்னு படிக்கும். முதல் ஓட்டத்துல கற்றையைக் குவிக்கிற மின்தகடுகளோட 32 மின்தடைகள்ல ரெண்டு கெட்டுப்போய், மின்னழுத்தம் நிலைக்கு வரத் தாமதமாகி, கற்றை நகர்ந்துது. அதுக்குத் தனித் திருத்தம் போட்டாங்க.

[திரை: அந்தப் பாதி மிச்சத்துக்கு மூணு எண்கள், அலகு 10⁻¹¹]

2020 கணக்கு: 116591810, பிழை 43.
2025 கணக்கு: 116592033, பிழை 62.
உலக சராசரி அளவு: 116592071.5, பிழை 14.5.

கணக்கு ஏன் மாறுச்சு? வம்பு குவார்க்குகள் (புரோட்டான் மாதிரித் துகள்களுக்குள்ள இருக்கிற துகள்கள்) கிட்ட. அதுகளைப் பிணைக்கிற வலுவிசையைச் சாதாரணத் தொடரா விரிச்சுக் கணக்கிட முடியாது. 2020-ல எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவை நம்பினாங்க. அதுல கேஎல்ஓஇ, பேபார்ங்கிற ரெண்டு பரிசோதனையும் ஏற்கெனவே முரண். 2023-ல ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க்கோட சிஎம்டி-3 பரிசோதனை ரெண்டையும் தாண்டி மேல போச்சு. அதனால 2025-ல, வெளியைக் கட்டம்கட்டமாப் பிரிச்சுக் கணக்கிடுற லேட்டிஸ் கணினிக் கணக்குக்கு மாறினாங்க.

புதுத் துகள் மாடல் கட்டுறவங்களுக்கு இனி கையில இருக்கிற வித்தியாசம் (அளவுலேர்ந்து 2025 கணக்கைக் கழிச்சா, அதே அலகுல) 38, பிழை 63. ரெண்டு சிக்மா வரைக்கும் விட்டா −88-லேர்ந்து +164. 2021-ல இருந்த 251-ஐ நிரப்பணும்னே செஞ்ச சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள்), லெப்டோகுவார்க் (லெப்டானையும் குவார்க்கையும் இணைக்கிற துகள்) மாடல்கள் இந்த வேலிக்கு வெளிய நிக்குது. லெப்டோகுவார்க்கே இல்லைன்னு இதுக்கு அர்த்தமில்லை; நிறையை ஏத்தியோ இணைப்பைக் குறைச்சோ உள்ள வரலாம். ஆனா வேலியோட அகலத்துக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கோட பிழை. அதைச் சுருக்கத்தான் ஐரோப்பியத் துகள் ஆய்வகம் செர்னோட மியூஆன்இ பரிசோதனை, 160 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் மியூவான்களை எலக்ட்ரான்கள் மேல மோதவிட்டு அந்தக் குவார்க் பங்கை நேரடியா அளக்கப் பார்க்குது.