காலரா எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள்

நண்பர்களே,

கொரோனா எங்கிருந்து கிளம்பியது என்று இன்னும் தோண்டிக்கொண்டிருப்பதால் உலகத்துக்கு என்ன லாபம், செத்தவர்கள் திரும்பி வரப்போகிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அரங்கிலும் சிலர் இருப்பீர்கள். இதே கேள்வி ஹெயிட்டி நாட்டில் ஒருமுறை எழுந்தது. அதைச் சொல்கிறேன்.

2010 ஜனவரியில் அங்கே பெரும் நிலநடுக்கம். அக்டோபரில் காலரா. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக அந்த நாட்டில் காலரா பதிவானதே இல்லை. ஆர்டிபோனிட் ஆற்றுத் தண்ணீரைக் குடித்த சனங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தார்கள். ஆற்றின் மேற்புறத்தில், மிர்பலே என்ற ஊருக்குப் பக்கத்தில், ஐ.நா. அமைதிப்படையின் முகாம். காலரா இருந்த நேபாளத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய வீரர்கள் அதில் இருந்தார்கள். முகாமின் கழிவு ஓடையில் இறங்குகிறது என்று ஊர்க்காரர்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். ஐ.நா. மறுத்தது. ஐ.நா.வின் கிளை அமைப்பான உலக சுகாதார நிறுவனம், மூலத்தைத் தேடுவது இப்போதைக்கு முக்கியமல்ல, நோயாளிகளைக் கவனிப்போம் என்றது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் சொல்வது யார்? சந்தேகத்துக்கு உள்ளானவரின் சொந்தக் குடும்பம்.

ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் விடவில்லை. யார், எந்த ஊரில், எந்த நாளில் படுத்தார்கள் என்று வரைபடத்தில் பின்னோக்கிப் போனார். அந்தத் தடம் முகாம் பக்கம்தான் போய் நின்றது. மறு ஆண்டு மரபணுச் சோதனையில் ஹெயிட்டிக் கிருமியும் நேபாளக் கிருமியும் ஏறத்தாழ ஒன்றே என்று தெரிந்தது. அப்படியும் 2013இல் இழப்பீட்டுக் கோரிக்கையை ஐ.நா. தள்ளிவிட்டது. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அதற்குள் ஏறக்குறைய 10,000 பேர் இறந்திருந்தார்கள்.

லாபம் என்ன என்கிறீர்களா? ஐ.நா.வே அமைத்த நிபுணர் குழு, காலரா உள்ள நாட்டு வீரர்களுக்குப் புறப்படும் முன்பே பரிசோதனையோ மருந்தோ தரவேண்டும், முகாம் கழிவை அங்கேயே சுத்திகரிக்க வேண்டும் என்று 2011இல் எழுதியது. தடத்தைத் தேடிப் போகாமல் இந்த வரிகளை யார் எழுதியிருப்பார்கள்? நேபாள வீரர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. காலராக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் வயிற்றில் இருக்கும்; அவர்களுக்கே தெரிந்திருக்காது. கழிவுக்குழியை அப்படி விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கொரோனாவுக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியா விசாரணை கேட்டது. மே மாதம் அந்த நாட்டு பார்லிமீது சீனா 80 சதவீதத் தீர்வை போட்டது. அது வேறு விவகாரம் என்றது சீனா, நம்புகிறவர்கள் நம்பலாம். 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கிடைத்த சான்றுகள் கிருமி விலங்கிலிருந்து வந்தது என்ற பக்கம் சாய்கின்றன, கேட்ட தரவுகளைச் சீனா தராததால் அது ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்கலாம் என்பதை ஒதுக்கவும் முடியவில்லை என்றது.

ஆகவே விசாரணை வீண் என்பவர்களோடு எனக்குச் சண்டை; எந்த விசாரணையும் போதும் என்பவர்களோடும் சண்டை. சம்பந்தப்பட்டவர் கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம் என்றால், சான்று கெட்டுப்போன பிறகுதான் போவோம். நோய் வருவதற்கு முன்பே, யார்மீதும் பழி இல்லாத காலத்திலேயே, அந்த அனுமதியை எல்லா நாடுகளும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் அது இல்லை.