கோட்டைக்குப் போனால் முதலில் தொட்டியைத் தேடுங்கள்

வணக்கம் நேயர்களே.

தென் பிரான்சில் மோரி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கருநிறக் கற்சில்லு கலந்த மண்ணில் திராட்சைத் தோட்டங்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் சுண்ணாம்புப் பாறை ஒன்று மதில்போல நீண்டு கிடக்கும். அதன் உச்சியில், பல்வரிசையில் ஒரு பல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதுபோல ஒன்று தெரியும். பாறைதான் என்று நினைத்தேன். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அது கெரிபூஸ் கோட்டை என்று புரிந்தது. கடல் மட்டத்திலிருந்து 728 மீட்டர்.

அப்போது நான் துலூஸ் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏப்ரல் மாதம் நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பெர்பினியானில் இறங்கி, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் மிதித்து மோரி வந்து சேர்ந்தேன். அங்கிருந்து கணவாய்வரை ஏற்றம். தூரம் பெரிதில்லை. ஆனால் வடமேற்கிலிருந்து த்ரமோந்தான் என்று ஒரு காற்று வரும். கடைசி வளைவில் அது என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. இறங்கி உருட்டினேன். உருட்டும்போதும் சைக்கிள் பக்கவாட்டில் சாயப் பார்த்தது. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். அதுவும் பாதி வழியிலேயே காலி. என் முட்டாள்தனம்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தாகத்தோடு மேலே போனதால்தான் கோட்டையைச் சரியாகப் பார்த்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாசலைத் தாண்டியதும் என் கண் கோபுரத்தைத் தேடவில்லை. இங்கே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்று தேடியது. மழைநீர்த் தொட்டி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டு, ஈர வாசனை, சுவரில் பூசிய சுண்ணாம்பு. அந்தப் பாறையில் ஊற்று கிடையாது. கூரையில் விழும் மழையை வழிநடத்தி, தொட்டியில் சேர்த்து, அளந்து அளந்து செலவழிக்க வேண்டும். கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதை மதிலின் கனத்தைவிட அந்தத் தொட்டிதான் தீர்மானித்திருக்கும்.

சரி, இந்தக் கோட்டைகள் யாருடையவை? சாலையோரப் பலகைகள் எல்லாம் 'கதார் நாடு' என்று வரவேற்கும். வளைகுடாவில் இருக்கிற கத்தாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பக்கத்தில் பரவியிருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பினார்கள். அவர்களில் தீட்சை பெற்றவர்கள் இறைச்சி தின்ன மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள். தங்களை 'நல்ல கிறிஸ்தவர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ரோமாபுரித் திருச்சபைக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் இன்னொசென்ட் என்ற போப்பின் அழைப்பில் 1209இல் சிலுவைப் படை கிளம்பியது. கிறிஸ்தவ நாட்டுக்குள்ளேயே, கிறிஸ்தவர்கள்மீது. இருபது ஆண்டுகள் நடந்தது. முடிந்த பிறகும் முடியவில்லை.

இங்கே ஒரு சங்கதி. இன்று நாம் ஏறிப் பார்க்கும் மதில்களில் பெரும்பகுதி கதார்கள் இருந்த காலத்துச் சுவரே அல்ல. ஜெயித்த பிரெஞ்சு அரசு, பிடித்த கோட்டைகளை இடித்தும் நீட்டியும் மறுபடி கட்டியது. 1258இல் கோர்பெய் என்ற ஊரில் பிரான்சின் ஒன்பதாம் லூயியும் இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரகோன் நாட்டின் அரசர் முதலாம் ஜேம்ஸும் உடன்படிக்கை செய்து எல்லை வகுத்தார்கள். அந்த எல்லைக்கு வடக்கே வரிசையாக நிற்பவைதான் கெரிபூஸ், பேய்ர்பெர்த்தூஸ், புய்லோரன், அகிலார், தெர்ம். இவற்றுக்கு வடக்கே இருக்கும் கார்கசோன் என்ற கோட்டை நகரின் ஐந்து பிள்ளைகள் என்பார்கள். நானூறு ஆண்டு எல்லைக் காவல். 1659இல் எல்லை தெற்கே பிரனே மலைக்கு நகர்ந்தது. பிள்ளைகளுக்கு வேலை போய்விட்டது.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தவர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கும்போல. பயணிகளை இழுக்க 'கதார் கோட்டை' என்ற பெயர். விண்ணப்பத்திலோ 'அரச கோட்டைகள்'. எனக்கு இரண்டாவதுதான் நேர்மையான பெயராகப் படுகிறது. என்ன செய்வது, 'தோற்றவர்களின் கோட்டை' என்றால்தான் சீட்டு விற்கும்.

கெரிபூஸ் உச்சியில் நின்றால் தெற்கே பனி மூடிய கனிகூ சிகரம். கிழக்கே சமவெளி முடியும் இடத்தில் ஒரு வெள்ளிக் கோடு, அது மத்தியதரைக் கடல். வடமேற்கே இன்னொரு பாறைமுகட்டில் பேய்ர்பெர்த்தூஸ். ஒன்றுக்கொன்று கண்ணில் படும் தூரத்தில் கோட்டைகளை வைத்திருக்கிறார்கள். காரில் வந்து இறங்கியவர்களுக்கு இது ஒரு காட்சி. காலையிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குகளில் மிதித்து வந்தவனுக்கு, தான் எந்தெந்த வளைவில் எதிரியின் கண்ணில் பட்டிருப்போம் என்று கணக்குப் போடத் தோன்றும்.

மறுநாள் சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு நடந்தேன். இதற்கென்றே ஒரு நடைபாதை உண்டு. கடலோரத்துப் போர்-லா-நூவெல் ஊரில் தொடங்கி, கோட்டை கோட்டையாகத் தொட்டுக்கொண்டு, பிரனே அடிவாரத்து ஃபுவா நகரில் முடியும். 'கதார் பாதை' என்று பெயர். முழுக்க நடக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்பார்கள். நான் நடந்தது ஒரு துண்டுதான். மரம் குறைவு, புதர் அதிகம். ரோஸ்மேரி, தைம், முள் நிறைந்த குட்டை ஓக். கால் பட்டால் வாசனை கிளம்பும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். சாயங்காலம் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே பூனை பிறாண்டியதுபோல இருக்கும்.

பேய்ர்பெர்த்தூஸ் என்றால் துளைத்த பாறை என்று அந்த ஊர் ஆக்சிதான் மொழியில் பொருள். சுமார் 800 மீட்டர் உயரத்தில் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பல் தரைதட்டி நிற்பதுபோல இருக்கும். 1240இல் அதைச் சண்டை போட்டுப் பிடிக்கவில்லை, சரணடைந்தது. கீழ்க்கோட்டையிலிருந்து மேல்கோட்டைக்குப் பாறையிலேயே வெட்டிய படிகள் போகின்றன. புனித லூயி படி என்று பெயர், அதே ஒன்பதாம் லூயிதான். அத்தனை பேர் ஏறி இறங்கியதில் படியின் நடுப்பகுதி தேய்ந்து, அம்மிக்கல்போல வழவழவென்று குழிந்திருக்கிறது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, ஏறும்போது அவசியமில்லை. இறங்கும்போது உட்கார்ந்தே இறங்கினேன். எனக்கு முன்னால் இறங்கிய ஒரு பாட்டி நின்றபடியே போய்விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடியும் மின்னலும் என்றால் அங்கே யாரையும் ஏற விடமாட்டார்கள். அந்த முகட்டில் மின்னலுக்கு வேறு உயரமான பொருள் கிடையாது.

தண்ணீருக்கு வருகிறேன். ஐந்து பிள்ளைகளில் தெர்ம் கோட்டைக்குத்தான் மிகக் கொடுமையான கதை. 1210இல் சிமோன் தெ மோன்ஃபோர் என்ற சிலுவைப் படைத் தலைவன் அதை முற்றுகையிட்டான். கல் எறியும் பொறிகள் மாதக்கணக்கில் அடித்தும் கோட்டை விழவில்லை. ஆனால் தொட்டி வற்றியது. உள்ளே திராட்சை மது மிச்சமிருந்தது. அதைக் குடித்தே நாளைக் கடத்தினார்கள். முடியாமல் சரணடைய ஒப்புக்கொண்டார்கள். அன்று இரவு மழை கொட்டியது! பீப்பாய், பாத்திரம் என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்தார்கள். சரணடைய மாட்டோம் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் மாவு பிசைந்தார்கள், சமைத்தார்கள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் வயிற்றுக்கடுப்பு. நவம்பர் மாத இரவு ஒன்றில் கோட்டையை விட்டுத் தப்பி ஓடினார்கள். கோட்டைத் தலைவன் ரேமோன் பிடிபட்டு, கார்கசோன் சிறையிலேயே செத்தான்.

அந்தத் தெர்ம் இன்று ஐந்தில் ஆகக் குறைவாக மிஞ்சிய இடிபாடு. 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கூட்டமே இருக்காது.

ஐந்தில் சேராத, கதார்கள் தஞ்சம் புகுந்திருந்த மோன்செகூர் கோட்டைக்கு வேறொரு வருடம் போனேன். 1207 மீட்டர். அங்கே 1243 மே மாதம் தொடங்கிய முற்றுகை பத்து மாதம் நீடித்தது. குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு மலையேறத் தெரிந்த சில வீரர்கள் கிழக்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறையில் ஏறி, அங்கிருந்த காவல் மேட்டைப் பிடித்தார்கள். விடிந்ததும் தாங்கள் ஏறி வந்த வழியைக் குனிந்து பார்த்து நடுங்கினார்களாம். பகலில் என்றால் ஏறியிருக்கவே மாட்டோம் என்றார்களாம். அக்காலத்துச் சரித்திரக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1244 மார்ச் மாதம் கோட்டை பணிந்தது. இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். மதத்தைக் கைவிட்டால் உயிர், இல்லையென்றால் நெருப்பு. அந்த இரண்டு வாரத்தில், தீட்சை பெற்றால் எரிக்கப்படுவோம் என்று தெரிந்தே புதிதாகத் தீட்சை பெற்றவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் படைவீரர்களும் உண்டு. மார்ச் 16ஆம் தேதி இருநூறுக்கும் மேற்பட்டோரை எரித்தார்கள். மலையடியில் 'எரிக்கப்பட்டவர்களின் வயல்' என்று ஒரு புல்வெளி, அதில் ஒரு நினைவுக்கல். யாரோ அதன் அடியில் காட்டுப்பூக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே இருக்கும் சுவர் அந்தச் சாவுகளுக்குப் பிறகு கட்டியது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். 2025 ஆகஸ்டில் இந்தப் பக்கத்துக் கொர்பியேர் மலைகளில் பற்றிய தீ சுமார் 16,000 ஹெக்டேர் பரப்பில் பரவியது. முன்பு திராட்சைத் தோட்டங்களே தீயைத் தடுக்கும் இடைவெளியாக இருந்தன. கட்டுப்படியாகாமல் கொடிகளைப் பிடுங்கிவிட்ட இடங்களில் புதர் மண்டிவிட்டது. அபாயமான நாள்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே, இல்லாவிட்டால் அக்டோபர். காற்று இருக்கும், பரவாயில்லை.

அந்த முதல் பயணத்தில் பேய்ர்பெர்த்தூஸிலிருந்து கீழே துயிலாக் ஊருக்கு இறங்கும்போது மறுபடி தொண்டை வறண்டிருந்தது. பாட்டில் அன்றைக்கும் ஒன்றுதான். ஊருக்குள் கல்லால் கட்டிய ஊற்றுத் தொட்டி ஒன்று. பாறையடியிலிருந்து தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அரசர்கள் உச்சியில் கோட்டை கட்டினார்கள், சனங்கள் இங்கே வீடு கட்டியிருக்கிறார்கள். கையில் ஏந்திக் குடித்தேன். பல் கூசியது. பிறகு அங்கேயே இருந்த கடையில் இன்னொரு பாட்டில் வாங்கி, அதிலிருந்ததைக் குடித்துவிட்டு, இரண்டையும் ஊற்றிலேயே நிரப்பிக்கொண்டேன்.

வணக்கம்.