புது மானிட்டர்ல எழுத்து மங்கலா தெரியுதா? சுழியை எண்ணிப் பாருங்க

[திரையில்: நோட்பேடில் 11 அளவில் ‘பண்ருட்டி, நெல்லிக்குப்பம்’]

புது மானிட்டரை மாட்டினதும் நோட்பேடைத் திறந்து 11 சைஸ்ல ‘பண்ருட்டி’ன்னு அடிச்சுப் பாருங்க. அதுல வர்ற ணகரத்துக்கு மூணு சுழி. மூணையும் தனித்தனியா எண்ண முடியுதா? மேல இருக்கிற புள்ளி கறுப்பா நிக்குதா, சாம்பல் கறையா இருக்கா?

இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படிச்சிடலாம். தமிழ்ல மூணு சுழியும் ரெண்டு சுழியும் ஒண்ணாத் தெரியும், புள்ளி காணாமப் போயிடும். கடலூர் மஞ்சக்குப்பத்துல மனுவும் பத்திரமும் அடிக்கிற டிடிபி கடைக்கு இது சின்ன விஷயம் இல்ல. பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனா, அலையப் போறது மனு கொடுத்தவர்.

[திரையில்: மானிட்டரை ஒட்டி வைத்த பூதக்கண்ணாடி, சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள்]

பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா இப்படித்தான் இருக்கும். மூணு நிறக் கோடு சேர்ந்தா ஒரு கட்டம். இது எல்லாம் பேனல்லயே, அதாவது திரைப் பலகையிலயே, பதிச்ச கட்டங்கள். 1920-க்கு 1080 பேனல்னா மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டம். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. பழைய டப்பா மானிட்டர்ல இந்த மாதிரி நிலையான கட்டம் கிடையாது, அதனால எந்த ரெசல்யூஷன் (குறுக்கே, நெடுக்கே எத்தனை புள்ளிங்கிற அளவு) வச்சாலும் ஓரளவு ஒத்துப்போகும். பேனல் அப்படி ஒத்துப்போகாது. கம்ப்யூட்டர் 1366-க்கு 768 அனுப்பினா, அங்கேருந்து வர்ற ஒரு புள்ளி இங்க 1.4 கட்டத்துல உட்காரணும். அரைகுறைக் கட்டத்தை ஏத்த முடியாதே! பக்கத்துக் கட்டத்துல சாம்பலைப் பூசி மானிட்டர் சமாளிக்குது. சுழி அடைபடறது அந்தச் சாம்பல்லதான்.

[திரையில்: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ்]

அதனால முதல் வேலை இங்க. டிஸ்ப்ளே ரெசல்யூஷன்ல ‘ரெக்கமெண்டட்’னு போட்டிருக்கிறதையே வைங்க. எழுத்து பொடியா இருக்குன்னு ரெசல்யூஷனைக் குறைக்கிறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. பெருசா வேணும்னா அதுக்கு மேலயே ‘ஸ்கேல்’ இருக்கு, 100-லேருந்து 125 ஆக்குங்க. அப்போ அதே கட்டங்களை வச்சு எழுத்தைப் பெருசா வரையும், இழுத்து விரிக்காது. மாத்தினதும் ஒரு தடவை சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க. இல்லைன்னா சில புரோகிராம் பழைய அளவுலயே நிக்கும்.

பட்டியல்லயே 1920 வரலையா? டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டரைப் பாருங்க. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’னு இருந்தா கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்புற பகுதியை இயக்குற சாஃப்ட்வேர், ஏறலைன்னு அர்த்தம். போர்டு அல்லது கார்டு கம்பெனியோட டிரைவரைப் போடுங்க. டிரைவர் சரியா இருந்தும் வரலைன்னா கேபிளைச் சந்தேகப்படணும். நீலக் கனெக்டர் வச்ச பழைய விஜிஏ கேபிள்ல 12-ம் பின்னும் 15-ம் பின்னும்தான் ‘என் அளவு இது’ன்னு மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்ற வழி. மலிவுக் கேபிள்ல அந்தப் பின் இல்லைன்னாலோ வளைஞ்சிருந்தாலோ சேதி போகாது. 9-ம் பின் மட்டும் இல்லைன்னா கவலை வேண்டாம், சில கேபிள்ல அப்படித்தான் வரும்.

[திரையில்: நீல நிற விஜிஏ கனெக்டர், பின்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு]

விஜிஏ பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். பழைய சிபியூவோட புது மானிட்டர் சேர்ற இடத்துல எல்லாம் இதுதான் நடுவுல இருக்கு. இதுல படம் ஏத்த இறக்கமான மின்னழுத்தமா வருது. எந்த நொடியில அளந்தா ஒரு புள்ளி முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு மானிட்டர் ஊகிக்கணும். ஊகம் தப்பினா எழுத்தோட பக்கத்துல நிழல் விழும்.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரி கடற்கரைச் சாலை மாதிரி உப்புக்காத்து படற இடத்துல கனெக்டர்ல களிம்பு பிடிக்கும். நிழலுக்கு அதுவும் ஒரு காரணம். களிம்பு ஏறின கேபிளைச் சுரண்டிச் சுத்தம் பண்றதை விட மாத்திடுறது நல்லது. ஒன்றரை மீட்டர் போதும். நீளமா வாங்கிச் சுருட்டி வைக்காதீங்க. ரெண்டு பக்கத்து ஸ்க்ரூவையும் கையால முழுசா முறுக்குங்க.

அப்புறம் வெள்ளைப் பின்னணியில ஓரம் வரைக்கும் எழுத்து நிறைஞ்ச ஒரு பக்கத்தைத் திறந்து வச்சுட்டு, மானிட்டர் பட்டன்ல ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ கொடுங்க. கறுப்பு வால்பேப்பர்ல கொடுத்தா ஓரம் எங்கேன்னே அதுக்குத் தெரியாது. அதுக்கப்புறமும் நெடுக்குவாட்டுல பட்டை பட்டையா மங்கினா மெனுவுல ‘கிளாக்’கை நகர்த்தி முதல்ல பட்டையைப் போக்குங்க. பிறகு ‘ஃபேஸ்’. வரிசை மாறினா வேலை முடியாது.

சிபியூ பின்னாடி எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருந்தா இவ்வளவும் வேண்டாம், அதுல மாட்டுங்க. விஜிஏலேருந்து எச்டிஎம்ஐக்கு மாத்துற சின்ன டப்பா உதவாது. கெட்டுப்போய் வர்ற சிக்னலை அது திருத்தாது.

[திரையில்: எச்டிஎம்ஐ, டாஸ்க்பார் பாதி மறைந்த படம்]

எச்டிஎம்ஐலயும் மங்கும். சில மானிட்டர் வர்றதை டிவி படம்னு எடுத்துக்கிட்டு, ஓரத்தை வெட்டிப் பெருசாக்கிக் காட்டும். டாஸ்க்பார் பாதி மறைஞ்சா அதுதான். மானிட்டர் மெனுவுல ‘ஓவர்ஸ்கேன்’ ஆஃப் பண்ணுங்க. கறுப்பு எழுத்து நல்லா இருந்து, சிவப்பு எழுத்து மட்டும் கசிஞ்சா, கிராபிக்ஸ் செட்டிங்ல கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபிக்கு மாத்துங்க. 4:2:0-ங்கிற ஃபார்மட்ல நாலு கட்டத்துக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் வரும். சினிமாவுக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. எழுத்தைச் சுத்தி வெள்ளை விளிம்பு கட்டினா ‘ஷார்ப்னெஸ்’ கூடிப்போச்சு, இறக்குங்க.

[திரையில்: ஸ்டார்ட் மெனுவில் ‘கிளியர்டைப்’ தேடல்]

இதெல்லாம் சரியான பிறகுதான் கிளியர்டைப். 1998-ல மைக்ரோசாஃப்ட் அறிவிச்ச முறை. ஒரு கட்டத்துக்குள்ள இருக்கிற மூணு நிறக் கோட்டையும் தனித்தனியா பயன்படுத்தி எழுத்தோட ஓரத்தை வழுவழுப்பாக்கும். தேடல்ல கிளியர்டைப்னு போட்டா மாதிரிகள் வரும், உங்க கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்க. மானிட்டரை நெட்டுக்குத்தலா திருப்பி வச்சிருந்தா கோடுகளும் திரும்பிடும், எழுத்தோரம் நிறம் அடிக்கலாம்.

பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மாதிரி பழைய புரோகிராம் மட்டும் மங்கினா காரணம் வேற. அதுக்கு ஸ்கேல்னா என்னன்னே தெரியாது. 100-க்கு வரைஞ்சதை விண்டோஸ் 125-க்கு இழுக்குது. ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. அங்க ஓவர்ரைடுல டிக் போட்டு ‘அப்ளிகேஷன்’ வைங்க. எழுத்து தெளியும், ஆனா மெனு பொடியாயிடும். நாள் முழுக்க பேஜ்மேக்கர்லயே வேலைன்னா ஸ்கேலை 100-லயே விடுறதுதான் எங்க யோசனை.

[திரையில்: 24 அங்குலமும் 27 அங்குலமும் பக்கத்தில் பக்கத்தில்]

எல்லாம் சரி, இன்னும் எழுத்து சொரசொரன்னு இருக்கா? 27 இன்ச்ல 1920-க்கு 1080னா ஒரு அங்குலத்துக்கு சுமார் 82 கட்டம்தான். 24 இன்ச்ல சுமார் 92. அது ரிப்பேர் இல்ல, கட்டமே பெருசு. தள்ளி உட்காரலாம். இனிமே வாங்கறவங்க 27 இன்ச்னா 2560-க்கு 1440 கேளுங்க.

கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, மேல ஒட்டின பாதுகாப்பு ஃபிலிமை உரிச்சாச்சான்னு பாருங்க. அப்புறம் ஒரு லேப்டாப்பை எச்டிஎம்ஐல மாட்டி அதே ‘பண்ருட்டி’யை அடிங்க. அதுலயும் சுழி அடைஞ்சிருந்தாலோ, திரையோட ஒரு மூலையில மட்டும் மங்கினாலோ பேனல்லதான் கோளாறு. போன்ல படம் எடுத்து, பில்லோட கொண்டுபோய் மாத்திக் கேளுங்க.