வாய் "போதும்" என்கிறது, கை என்ன சொல்கிறது?

நடுவர் அவர்களுக்கும், பனியில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் கும்பகோணத்து மக்களுக்கும் வணக்கம். பேச்சுக்குப் பொருள் தருவது சொல்லா, இல்லை சூழலும் குறிப்புமா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சொல்தான் எல்லாம் என்று ஒரு அகராதியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நல்ல கனமான அகராதி. அதைப் புரட்டி ஒரே ஒரு வாக்கியத்துக்கு அவர் அர்த்தம் சொல்லட்டும்: "தண்ணி வந்துடுச்சா?"

ஜூன் மாதக் கடைசியில் தலைஞாயிறு பக்கம் ஒரு விவசாயி இதைக் கேட்டால், மேட்டூரில் 12ஆம் தேதி திறந்துவிட்ட தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, விதையைக் கையில் எடுக்கலாமா என்று கேட்கிறார். நவம்பரில் அதே மனுஷர் அதையே கேட்டால், வெள்ளம் வயலுக்குள் ஏறிவிட்டதா, பயிர் முழுகிவிட்டதா என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அவர் மகள் சென்னையில் மாடியில் நின்று கேட்டால் அது லாரித் தண்ணீர். ஒரு எழுத்துகூட மாறவில்லை! எந்த ஊர், எந்த மாதம், யார் கேட்கிறார் என்று தெரியாமல் அகராதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, சோற்றுக்கு வருவோம். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பாயச வாளியோடு வருகிறவரிடம் நாம் "போதும் போதும்" என்போம், ஆனால் கை இலையை விட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கும், கண் வாளிக்குள் இருக்கும். அவர் நம் வாயைக் கேட்கவே மாட்டார், ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகருவார். இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால்தான் நிஜமாகவே போதும். அதிலும் புது மாப்பிள்ளை என்றால் இரண்டு கையை விரித்தாலும் விடமாட்டார்கள், ஏனென்றால் அங்கே யார் சொல்கிறார் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. சாப்பிட்டு முடித்து இலையை மடக்குவதையும் பாருங்கள், கல்யாண வீட்டில் தன் பக்கமாக மடிக்கிறோம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பது வழக்கம். அங்கே யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் அணித் தம்பி ஒருவர் பேசும்போது, பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று அடித்துவிட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். என் அணிதான், ஆனாலும் அந்தக் கணக்கை நான் தூக்கமாட்டேன். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்கிற உணர்வை, தனிச் சொற்களை வைத்துப் பார்த்த சோதனை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கூட்டுறவு வங்கி நகைக்கடனுக்கு என்ன வட்டி என்பதை முகத்தைச் சுளித்துச் சொல்லிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த எண் இல்லாமலேயே எங்கள் கட்சி நிற்கும், ஏனென்றால் வள்ளுவர் எங்களோடு இருக்கிறார். திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது என்றால் அது 'குறிப்பறிதல்' மட்டும்தான். அரசவைக்கு ஒன்று, 71ஆவது. காதலுக்கு ஒன்று, 110ஆவது.

எதிரணி வக்கீல் ஐயா, "கோர்ட்டில் எழுத்தும் வாய்மொழியும்தான் நிற்கும், ஜாடை நிற்காது" என்றார். ஐயா, 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கை விசாரித்தது. கழுத்து அறுபட்டுப் பேச முடியாமல் கிடந்த பெண், கேட்ட கேள்விகளுக்குக் கையசைத்துப் பதில் சொல்லிவிட்டு இறந்துபோனாள். அந்தக் கையசைவை, கேட்ட கேள்வியோடு சேர்த்து, வாய்மொழி வாக்குமூலமாகவே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கேள்வியை எடுத்துவிட்டால் அது வெறும் கையசைவு.

அது பழைய கதை என்றால், நம்ம நெல் வியாபாரத்துக்குப் பக்கத்தில் வருகிற புதுசு ஒன்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021இல் ஒரு தானிய வியாபாரி ஆளி விதை வாங்க ஒப்பந்தம் எழுதி, அதைப் படம் பிடித்து ஒரு விவசாயியின் செல்போனுக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னார். விவசாயி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குட்டிப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அதோடு சரி. பிறகு விலை ஏறியது, சரக்கு வரவில்லை. "கிடைத்தது என்று சொல்லத்தான் விரல் காட்டினேன், சம்மதம் என்று இல்லை" என்றார். 2023இல் நீதிபதி இருவருடைய பழைய வியாபாரத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் இதே மாதிரி வந்த ஒப்பந்தங்களுக்கு ஓரிரு வார்த்தையில் பதில் போட்டுவிட்டு ஒழுங்காகச் சரக்கு அனுப்பியிருக்கிறார். அதனால் இந்த விரலும் சம்மதமே என்று சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட உத்தரவிட்டார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். கட்டைவிரலும் ஒரு சொல்தான் என்று வேண்டுமானால் வாதாடுங்கள், பரவாயில்லை. அந்தச் சொல்லுக்குக் 'கிடைத்தது' என்று பொருளா, 'சம்மதம்' என்று பொருளா என்பதை நீதிபதி உங்கள் தலைவரின் அகராதியில் எந்தப் பக்கத்தில் பார்த்தார்? நன்றி, வணக்கம்.