பந்தல் போட்டவர்கள்

நடுவர் ஐயாவுக்கும், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும், மழை வரும் என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு எழாத உங்களுக்கும் வணக்கம். கொடுத்திருப்பது ஏழே நிமிடம். வணக்கத்திலேயே ஒரு நிமிடத்தை ஓட்டும் ஆள் நான் இல்லை.

ஓவியரின் புகழுக்குப் பெரிதும் காரணம் கைத்திறனா, கூட நின்றவர்களா? நான் கூட நின்றவர்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன கேட்டார்? "கூட நின்றவர்தான் காரணம் என்றால், கல்யாண வீட்டில் பந்தல்காரர் கழுத்திலேயே மாலையைப் போட்டுவிடலாமே!" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். அண்ணே, பதில் பின்னால் வருகிறது. வட்டியோடு வரும்.

முதலில் ஒரு கதை. எங்கள் பாட்டி வீட்டுப் பூசையறையில் ஒரு லட்சுமி படம். சட்டத்தின் ஓரம் செல்லரித்துப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடி மேலேயே சந்தனம் குங்குமம் வைத்து, முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த முகத்தைத் தந்தவர் ராஜா ரவிவர்மா. 1848ல் கிளிமானூரில் பிறந்தவர், 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தவர். கையில் திறமை இருந்தது, சரி. ஆனால் எண்ணெய் வண்ணம்? அது அப்போது சீமைச் சரக்கு. அதைக் கையாளத் தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரைக்காரர், ராமசாமி நாயுடு. பையனுக்குச் சொல்லித்தர முடியாது என்றுவிட்டார். நாளைக்குப் போட்டிக்கு வந்துவிட்டால்?

நாயுடுவுக்கு ஒரு உதவியாளர் இருந்தார், ஆறுமுகம் பிள்ளை. அவர்தான் ராத்திரியில் ரகசியமாக வந்து பையனுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். வரலாற்றில் இது ஒரு வரி. ஒரு வரியோடு நான் விட்டுவிடுவேனா?

யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க நாயுடுவுக்கு வண்ணம் குழைத்துக் கொடுத்த மனிதர். ராத்திரி குருநாதர் குறட்டை விடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். கேட்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைக்கிறார். குறட்டை நின்றுவிட்டது! இவரும் நின்றுவிட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில், நடராசர் மாதிரி. சிரிக்காதீர்கள் ஐயா, நாயுடு முழித்துக்கொள்வார்! மறுபடி குறட்டை, மறுபடி நடை. அங்கே போய் விளக்குத் திரியை உள்ளே இழுத்துவிட்டு, "எண்ணெயைக் கொட்டாதே தம்பி. முதல் பூச்சு காயட்டும். அவசரப்பட்டால் சேறாகிவிடும்" என்று கிசுகிசுக்கிறார். காலையில் நாயுடு கேட்கிறார்: "என்ன பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்திருக்கிறதே?" "கொசுக்கடி ஐயா!"

அடுத்த ராத்திரியும் அதே குறட்டை, அதே நடராசர், காலையில் அதே கொசு. திருவனந்தபுரத்துக் கொசு மேல் எவ்வளவு பழி!

1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதை வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார். "பார்த்தே கற்றார், அதுதான் திறமை" என்று அண்ணன் மார்தட்டினார். அண்ணே, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தானே பார்த்துக் கற்க முடியும்? அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? கொசுக்கடிக்காரர்!

இப்போது பந்தலுக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் தாமதம் என்றால் என்ன செய்வோம்? இன்னொரு ரவுண்டு காபி கொடுப்போம். பந்தல்காரர் வரவில்லை என்றால்? மாப்பிள்ளையே வெயிலில் நின்று அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் கல்யாணத்துக்கே நான் போயிருக்கிறேன். அன்றைக்குப் பேய் மழை. அண்ணி பிற்பாடு சொன்னார்கள்: "தாலி கட்டும்போது மந்திரமே காதில் விழவில்லை. 'கயித்தை இழு, கயித்தை இழு' என்று பந்தல்காரர் போட்ட சத்தம்தான் விழுந்தது." அந்தக் கயிறு அன்றைக்கு அறுந்திருந்தால் அண்ணன் இன்றைக்கு எதிரணியில் இல்லை, பிரம்மச்சாரி அணியில் இருந்திருப்பார்!

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்துக்கு நிறம் கொடுத்தது ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்ய நீலம் என்ற சாயம், டச்சு ஓவியர் வான்கா 1887ல் பாரிசில் இன்னொரு ஜப்பானியரான ஹிரோஷிகேயின் மழைப் பாலப் படத்தைப் பார்த்து வரைந்தார் என்றெல்லாம் குறித்து வந்திருந்தேன். அந்த நேரத்தைப் பந்தல்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார், போகட்டும். ஒரு பந்தல்காரியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1890 ஜூலையில் வான்கா செத்துப்போனார். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். அண்ணனுக்கு வண்ணம் வாங்கவும் வாடகை கொடுக்கவும் வருடக்கணக்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்த தம்பி. தியோவின் மனைவி ஜோஹன்னாவுக்கு அப்போது 28 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை. மடியில் குழந்தை, அதற்கு முதல் பிறந்தநாள் வரச் சில நாள் பாக்கி. அது பிறந்ததற்காகத்தான் பெரியப்பா நீல வானத்தில் வாதுமைப் பூ வரைந்து கொடுத்திருந்தார். வீட்டில் மிச்சம் இருந்தது, யாரும் வாங்காத நூற்றுக்கணக்கான படங்களும், ஒரு பெட்டி கடிதங்களும்.

அந்தப் பெண் பஸ்ஸம் என்ற ஊரில் தங்கிச் சாப்பிடும் விடுதி நடத்தினார். வந்தவர்களுக்குச் சோறு போட்டார். மொழிபெயர்த்துச் சம்பாதித்தார். கடிதங்களை எடுத்துப் படித்தார், தேதி இல்லாதவற்றை வரிசைப்படுத்தினார், கண்காட்சி கண்காட்சியாகப் படங்களை அனுப்பினார். கடிதங்கள் புத்தகமாக வந்தபோது வருடம் 1914. லண்டன் தேசியக் கூடம் சூரியகாந்திப் படத்தைக் கேட்டபோது முதலில் மனசே வரவில்லை அவருக்கு. முப்பது வருடத்துக்கு மேல் தினமும் பார்த்த படம் அது. கடைசியில் 1924ல் கொடுத்துவிட்டார். மறு வருடம் அவரும் இல்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. தியோவை ஹாலந்தில் உட்ரெக்டில் புதைத்திருந்தார்கள். 1914ல் ஜோஹன்னா அவரைத் தோண்டியெடுத்து, பிரான்சில் ஓவேர் ஊருக்குக் கொண்டுபோய் அண்ணன் பக்கத்தில் படுக்க வைத்தார். தன் புருஷனை, இன்னொரு தேசத்தில், அவருடைய அண்ணனுக்குத் துணையாக. இன்றைக்கும் சுவரோரமாக இரண்டு கல் இருக்கிறது. இரண்டின் மேலும் ஒரே பச்சைக் கொடி படர்ந்து கிடக்கிறது, எது யாருடையது என்று கல்லில் உள்ள பேரைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு கல் இருக்கிறதா என்று...

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இல்லை, மூன்றாவது கல் அங்கே இல்லை. வணக்கம்.