ஆறு சுத்தமானால் ஊரோடு சேர்ந்துவிடுமா? சிங்கப்பூர் ஆறு பற்றி ஒரு தம்பியின் கேள்வி

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மூன்று நாளாக விடவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதையை அவ்வளவு புகழ்ந்து பேசிவிட்டு, கடைசியில் 'ஆறும் ஊரும் இன்னும் முழுசாகச் சேரவில்லை' என்று ஒரு வரி சொல்லி எழுந்து போய்விட்டீர்கள். நான் தினமும் மதியம் அந்தக் கரையில்தான் நடக்கிறேன். தண்ணீர் நாறவில்லை. நிழல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. இதற்கு மேல் சேர்வதற்கு என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. அந்த ஒரு வரியை நான் விளக்காமல் விட்டது தப்பு. இன்றைக்கு விளக்கிவிடுகிறேன், கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்த கதை நம் பழைய நேயர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு சவால் வைத்தார். பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆற்றை அழகாக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம், நடைபாதை போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது மீன் பிடிப்பது. அதாவது ஒருவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போக வேண்டும், போனால் அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை. அங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

அப்புறம் நடந்தது பெரிய உழைப்பு. ஆற்றில் இறங்கி அள்ளுவதற்கு முன்னால், அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கரையிலும் மேட்டிலும் தேடிப் போனார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள், மிச்சத்தைக் கால்வாயில் கொட்டும் தெருக்கடைகள், பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கொல்லைப்புறப் பட்டறைகள். இரண்டு ஆற்றுப் படுகைகளிலும் சேர்த்து சுமார் 26,000 குடும்பங்கள் வேறு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவு நிலையங்களுக்குள் போனார்கள். 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் எடுக்கப்பட்டன. அதற்குப் பிறகுதான் அடிச்சேற்றைத் தோண்டினார்கள். 1987இல் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய காரியம்தான். மூலத்தை அடைக்காமல் தண்ணீரை மட்டும் கழுவியிருந்தால் அடுத்த மழைக்கே பழையபடி ஆகியிருக்கும்.

சரி, இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நம் மொழியில் துறை என்று ஒரு சொல் இருக்கிறது. ஆற்றில் மனிதன் இறங்கும் இடம் துறை. படித்துறை, தோணித்துறை, வண்ணான்துறை. அதே சொல்லைத்தான் ஒருவர் செய்யும் தொழிலுக்கும் வைத்திருக்கிறோம். நீங்கள் எந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம் இல்லையா? இரண்டும் ஒரே சொல். தண்ணீருக்கு இறங்குகிற இடமும் செய்கிற வேலையும் நம்மிடம் ஒரே பெயரில் இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. வேலை இருந்ததால்தான் இறங்கினார்கள். துவைக்க, குளிக்க, சரக்கு இறக்க, மாடு கழுவ, பிதிர்க்கடன் செய்ய. ஆறும் ஊரும் சேர்ந்திருப்பது என்று நான் சொல்வது இதைத்தான். கரையில் நின்று பார்ப்பவருக்கும் துறையில் இறங்குபவருக்கும் ஆறு ஒன்றல்ல.

ஆற்றங்கரை இடங்களைப் போட் கீ, கிளார்க் கீ என்று சொல்கிறோமே, ஆங்கிலத்தில் கீ என்றாலும் துறைதான். பெயரிலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், எண்பது வயதைத் தாண்டியவர், இளமையில் போட் கீயில் ஓர் அரிசிக் கிடங்கில் கணக்கு எழுதியவர். அவரோடு ஒருநாள் அந்தக் கரையில் நடந்தேன். காவெனா பாலத்தருகே வந்ததும் நின்றுவிட்டார். "தம்பி, அப்போதெல்லாம் எங்களுக்குக் கடிகாரமே இந்தப் பாலம்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தப் பாலம் 1869இல் கட்டியது, தாழ்வான பாலம். கடல் ஏறி வரும் நேரத்தில் சரக்குத் தோணிகள் அதன் அடியில் நுழைய முடியாது. தண்ணீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும். எனவே ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்பது தோணிக்காரருக்கு மட்டுமல்ல, கிடங்குக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும், கூலி ஆட்களுக்குத் தேநீர் விற்றவருக்கும் தெரியும். வற்றத்தில் சேறு நாறும்போதே, "இனி தோணி வரும், மூட்டை வரும்" என்று பேரேட்டைத் திறந்து வைப்பாராம்.

நாறிய ஆறுதான். அதை அவர் மறைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம் என்றார். ஆனால் அந்த ஆறு என்ன செய்கிறது என்று மணிக்கு மணி அறிந்திருந்தவர்கள் அவர்கள். இப்போது அந்த ஏற்றமும் வற்றமும் இல்லை. 2008இல் மரினா அணை திறக்கப்பட்டது. கடல் வெளியே நின்றுவிட்டது, ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தாழ்வான பகுதிகளில் வெள்ளம் குறைந்தது, குடிநீருக்கும் உதவுகிறது. நல்ல காரியம், நான் எதிர்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இப்போ இது ஒரே மட்டத்துல நிக்குது தம்பி, எனக்கு மணி தெரியல" என்று சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அங்கிருந்து நாலு எட்டில் ஒரு சிற்பம். ஐந்து பையன்கள் ஆற்றில் குதிக்கிற மாதிரி, வெண்கலத்தில். சுற்றுலா வருபவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். அருமையான சிற்பம், அந்த முதுகுகளின் வளைவிலேயே குளிர்ந்த தண்ணீரின் ஆசை தெரிகிறது. உயிருள்ள பையன் எவனும் இன்று அங்கே குதிப்பதில்லை. தம்பி, நீங்கள் மதியம் நடக்கும்போது அந்த இடத்தில் நின்று கீழே பாருங்கள். உங்கள் காலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது? இறங்கினால் அங்கே உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது?

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதான். டோபி காட் ரயில் நிலையம். மூன்று தடங்கள் சந்திக்கும் நிலையம், தினமும் எவ்வளவோ பேர் மாறிப் போகிறோம். டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. தமிழில் சொன்னால் வண்ணான்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயவைத்தார்கள். அந்த ஓடை பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது, பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விட்டது. பெயரில் துறை இருக்கிறது, நீர் கண்ணுக்குத் தெரியாது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கால்வாயின் ஒரு பாதை குப்பையால் அடைபட்டதும் அதற்குக் காரணம் என்றார்கள். கண்ணில் படாத தண்ணீரை யார் தினமும் எட்டிப் பார்ப்பார்கள்?

இப்போது, தம்பி கேட்காத, ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். அந்தத் துறையில் முதலில் இறங்கியவர்கள் யார்?

பழைய படங்களைப் பார்த்தால் சீனத் தோணிக்காரர்கள்தான் தெரிவார்கள். முகப்பில் கண் வரைந்த தோணிகள். அது பிற்காலம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அவர்களில் முக்கியமானவர்கள். 1822இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோது, ஆற்றின் மேல்பகுதியில் சூலியா கம்போங், அதாவது சூலியாக்களின் குடியிருப்பு, என்று தனியாக இடம் ஒதுக்கினார். படகு வேலை பார்ப்பவர்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே! அவர்கள் 1826இல் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் இருக்கிறது. போட் கீக்குப் பின்னாலேயே சூலியா தெரு. தம்பி, உங்கள் வங்கியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்தப் பெயர்ப் பலகையை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்!

அதே பக்கம் மார்க்கெட் தெருவில், வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள். தரையில் உட்கார்ந்து, பெட்டியைச் சாய்வாக வைத்து வட்டிக்கணக்கு எழுதிய இடங்கள். சரக்கு ஆற்றில் வந்தது, அதற்குப் பணம் அந்தத் தெருவில் புரண்டது. இன்று கிட்டங்கிகள் அங்கே இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில், ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், ஒரு செட்டியாரின் சிலை இருக்கிறது. செட்டியாரிலிருந்து இன்றைய நிதித்துறை வரை என்பது அந்தச் சிற்பத்தின் கரு. வங்கியில் வேலை பார்க்கும் தம்பி அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் துறையின் துறை அது.

உடனே ஒருவர் கேட்பார், அப்படியானால் சுத்தம் செய்திருக்கவே கூடாதா, தோணிகளை விரட்டியிருக்கக் கூடாதா என்று. அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 1983இல் சுமார் 800 தோணிகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அது தோணிக்காரர்களுக்குப் பெரிய அடி. ஆனால் 1972லேயே தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு, சரக்கைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் கொண்டுவரும் கொள்கலன் கப்பல் வந்துவிட்டது. மூட்டை மூட்டையாகப் பலகையில் நடந்து ஏற்றுகிற காலம் அதோடு முடியத் தொடங்கிவிட்டது. சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் வேலையும் போய், நாற்றமும் மிஞ்சியிருக்கும். என் மனக்குறை வேறு. பழைய வேலை போன இடத்தில், சாப்பிடுவதையும் பார்ப்பதையும் தவிர, புது வேலை என்ன வைத்தோம்? 1980களின் கடைசியில் போட் கீயின் பழைய கடைவீடுகளைப் பாதுகாக்க முடிவெடுத்தார்கள், கட்டடங்கள் தப்பின, அதற்கு நன்றி. உள்ளே போனவை உணவகங்களும் மதுக்கடைகளும். பணம் இல்லாத ஒருவருக்கு அந்தக் கரையில் நடப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் இதே ஊரில். பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே காலாங் ஆறு ஒருகாலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுச் சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. 2009இலிருந்து 2012க்குள் அந்தச் சிமெண்டை உடைத்து, சுமார் 3 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். சுவருக்குப் பதில் சரிவான புல்கரை. வேர்களும் கற்களும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மழை வந்தால் பூங்காவே ஆற்றின் அகலமாகிவிடும், அதற்கு முன்னால் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் மக்களை மேலே ஏறச் சொல்லும். உடைத்த சிமெண்டை ஒரு சின்னக் குன்றாகக் குவித்துவிட்டார்கள், அதன் மேல் ஏறி நிற்கலாம். நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்து குடியேறின. அந்தக் குடும்பத்துக்கு ஊரே ரசிகர் கூட்டம்!

நான் அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாட்டி கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார். அவர் பேரன் சின்ன வலையை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எதையோ துரத்திக்கொண்டிருந்தான். "டேய், சறுக்கும்டா, சறுக்கும்டா" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் கேட்கவே இல்லை, அவனுக்கு அங்கே வேலை இருந்தது.

நகர நடுவில், பாரம்பரியக் கட்டடங்களுக்கு நடுவில், கரையை அப்படிச் சரிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அங்கே இடம் இல்லை, அந்தக் கல்சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் போட் கீயில் பழைய படிகள் சில இடங்களில் இன்னும் தண்ணீருக்கு இறங்குகின்றன. துடுப்புப் படகு கற்றுக்கொள்ள, பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்க்க, தூண்டில் போட, அந்தப் படிகளில் ஒன்றிரண்டையாவது திறந்துவிடலாமே. தம்பி, நான் அந்த ஒரு வரியில் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டனாரோ அந்த ஆற்றில் தோணியிலோ, கிடங்கிலோ, கிட்டங்கியிலோ வேலை பார்த்திருந்தால், அந்தப் படிகளை அவர்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று எழுதுங்கள். பெரியவரிடம் கேட்டேன், அவர் "துறைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவோம்" என்றார். வேறு பெயர்கள் இருக்கும். வந்ததை எல்லாம் அடுத்த பதிவில் படிக்கிறேன்.