கூடையோட பழுக்கட்டும்

(ஏற்காட்டில் ஒரு கோடைக்கால மேடை. தலைப்பு: ‘இசை மேல நமக்கிருக்கிற மனசை மாத்துறது ஒத்தைப் பாட்டா, முழு ஆல்பமா?’ முழு ஆல்பம் அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். ரெண்டு அணிக்கும் வணக்கம். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சேலத்து மக்களுக்கும், அதைப் பார்த்துச் சிரிக்கிற ஏற்காட்டு மக்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு குண்டு போட்டாரு, கைதட்டலும் வாங்கிட்டாரு. “ஆல்பம்ங்கிறது மாங்காக் கூடைய்யா. மேல ரெண்டு மல்கோவா பளபளன்னு இருக்கும், அடியில பூரா புளிச்ச காய். ரெண்டைப் பொறுக்கிட்டுப் போறவன் புத்திசாலி, கூடையோட தூக்குறவன் ஏமாளி”ன்னாரு. அண்ணே, சேலத்துக்காரங்க முன்னாடி நின்னு மாங்காயைப் பத்திப் பேசிட்டீங்க. இதுக்குப் பதில் சொல்லாம நான் மலை இறங்க மாட்டேன். அதுக்கு முன்னால ஒரு கேசட் கதை இருக்கு. அதைச் சொல்லிட்டு கூடைக்கு வர்றேன்.

1987, 88 வாக்கு. செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசுப் பட்டறை. கொலுசுக்கு மணி பத்தவைக்கிற வேலை. கையும் கண்ணும் நெருப்பு மேலயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால பட்டறையில ஒரு டேப் ரெக்கார்டர். பட்டறைக்காரர் ஒரு தாள்ல 12 பாட்டு எழுதிக்கிட்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போறாரு. எதிரணிக்குப் பிடிச்ச மனுஷன்! 12 பாட்டும் 12 படம், எல்லாமே பொறுக்கி எடுத்தது.

“90 நிமிஷக் கேசட் தரட்டுமா?”ன்னு இவர் கேட்டா, கடைக்காரர் “வேண்டாம், 90-ல நாடா மெலிசு. பட்டறைச் சூட்டுல, தூசியில உருளையைச் சுத்திக்கும். 60 போதும்”ங்கிறாரு. 60-ன்னா பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டுக்கு நாலரை நிமிஷம்னு வச்சா ஆறு பாட்டு 27 நிமிஷம். ரெண்டாம் பக்கமும் அதே கணக்கு. கடைக்காரர் தொழில் தெரிஞ்சவர். கேசட்டைப் பிரிச்சதும் பென்சிலை விட்டு நாலு சுத்து சுத்தி, ஆரம்பத்துல இருக்கிற வெறும் நாடாவைத் தாண்டி வச்சுத்தான் பதிவை ஆரம்பிப்பாரு. அந்த வெறும் நாடாவுல சத்தம் ஏறாது. அப்படியே அமுக்கினா முதல் பாட்டோட முதல் வார்த்தையை அது முழுங்கிடும்.

12 பாட்டும் ஏறியாச்சு. ரெண்டாம் பக்கம் கடைசியில மூணு நிமிஷம் மிச்சம். காலியா விட அவருக்கு மனசு வரல. காசு வாங்கியிருக்காரே! பக்கத்துல கிடந்த ஒரு ஆல்பத்துல இருந்து வயலின் இசை ஒண்ணை அந்த மூணு நிமிஷத்துல ஊத்திவிட்டுட்டாரு.

மறுநாள் பட்டறை. 12 பாட்டும் ஓடுது, எல்லாம் தெரிஞ்ச பாட்டு. வாய் தானா கூடவே பாடுது, கை தானா வேலை பாக்குது. கடைசிப் பாட்டு முடிஞ்சு ஒரு வயலின் வருது. வார்த்தை இல்லை, மனுஷக் குரல் இல்லை. ஒரு வயலின் கேக்குது, இன்னொண்ணு பதில் சொல்லுது, மூணாவது குறுக்கே பாயுது. பட்டறையில யாரும் பேசல. அது மேல ஏறுது, ஏறுது, உச்சிக்குப் போகப் போகுது...

டக்!

நாடா தீர்ந்துபோச்சு. பொத்தான் மேல எழும்பிடுச்சு.

பின்வரிசைக்குக் கேட்டுச்சா? இன்னொரு தடவை சொல்றேன். அவர் கேட்டு வாங்கினது 12 பாட்டு. பன்னிரண்டும் முழுசா வந்துச்சு, முழுசா முடிஞ்சுச்சு. அவர் கேக்காதது ஒண்ணு. அது பாதியில நின்னுச்சு. ராத்திரி தூக்கம் வராம புரளவச்சது எது? அந்தப் பாதி!

அடுத்த நாள் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கிறாரு. கடைக்காரர் பயந்துட்டாரு. கேக்காததைப் போட்டதுக்குச் சண்டைக்கு வந்திருக்காருன்னு நினைச்சு, “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, காலியா இருந்துச்சேன்னு...”ன்னு இழுக்கிறாரு. இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: “மீதி எங்கய்யா?”

கடைக்காரர் சொன்னாரு: “மீதி மட்டும் தர முடியாதுண்ணே. முழுசாக் கேளுங்க.” எடுத்துக் கொடுத்தது 1986-ல இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும், ஜெர்மன் இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணின ஆல்பம், தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். திருவையாத்துல வாழ்ந்தவரும் ஜெர்மனியில வாழ்ந்தவரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேசினா எப்படி இருக்கும்? அந்தப் பேச்சு ஒரு பாட்டுல முடியாது. ஒருத்தர் சொன்னதுக்கு இன்னொருத்தர் அடுத்த பாட்டுலதான் பதில் சொல்றாரு. 12 படத்துல 12 பாட்டு பொறுக்கின அந்த மனுஷன், அதுக்கப்புறம் சினிமாப் பாட்டைக் கேட்டாக்கூட, குரலுக்குப் பின்னால வயலின் என்ன பண்ணுதுன்னு தேட ஆரம்பிச்சாரு. பழைய பாட்டு அதேதான். காது வேற ஆயிடுச்சு.

அண்ணே, இப்ப உங்க கூடை.

மாங்காயைப் பறிக்கிறப்போ காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிற மாதிரி பறிக்கணும். காம்பை ஒடிச்சா பால் வடிஞ்சு, தோல் கருகி, அந்த இடத்துல இருந்து அழுகும். பறிச்சதை வைக்கோல் பரப்பி அடுக்கணும், நடுவுல பழுத்தது ஒண்ணு ரெண்டு வைக்கணும். ஏன்? பழுத்த பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும். வைக்கோலுக்குள்ள அது தங்கி, பக்கத்துல இருக்கிற காயையும் பழுக்க வைக்கும். பழுக்கிற காயும் அதே வாயுவை விடும். அஞ்சாறு நாள்ல கூடை பூரா மணக்கும். நீங்க முதல் நாளே வந்து, பழுத்த ரெண்டைப் பொறுக்கிட்டு, “மத்ததெல்லாம் புளிப்பு”ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. மத்ததைப் பழுக்க வைக்க இருந்ததே அந்த ரெண்டுதான்! ஆல்பத்துல முதல் நாள் பிடிக்கிற ரெண்டு பாட்டோட வேலையும் அதுதான். அதுக்காகத் திரும்பத் திரும்பப் போடுவோம். போடப் போட, நடுவுல கிடக்கிற அஞ்சாவது பாட்டு பழுக்கும். பத்தாவது நாள் அந்த அஞ்சாவதுதான் நமக்கு உயிரா இருக்கும்.

அழுகினது ஒண்ணு இருந்தா கூடையே போகுமேன்னு கேப்பீங்க. போகும்ணே. அதனாலதான் எல்லாக் கூடையையும் நான் தலையில தூக்கல. மாங்கா தெரிஞ்சவங்க அடுக்கின கூடையைத்தான் சொல்றேன்.

ஒத்தைப் பாட்டு ஒரே ராத்திரியில ஊரையே பிடிக்குதேன்னும் சொன்னீங்க. ஒரே ராத்திரியில மாங்காயை மஞ்சளாக்க ஒரு கல்லு இருக்கு. கார்பைடு கல்லு. மேல பொன் மாதிரி இருக்கும், வெட்டினா கொட்டையைச் சுத்திக் காய். மணமும் இருக்காது. சட்டத்துலயே தடை பண்ணியிருக்காங்க! காலையில மஞ்சளாகி, ஊர் பூரா ஓடி, அடுத்த வாரம் யார் வாயிலயும் இல்லாமப் போற பாட்டு எத்தனைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

‘புளிப்பு’ன்னு நீங்க ஒதுக்கின பாட்டு எந்த இடத்துல இருக்குன்னு பார்த்தீங்களா? எல்.பி.ங்கிற பெரிய இசைத்தட்டு 1948-ல வந்துச்சு. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, பக்கத்துக்கு 20 நிமிஷம் சொச்சம். தட்டு சுத்துற வேகம் மாறாது, ஆனா ஊசிக்குக் கீழே வரி ஓடுற வேகம் மாறும். வெளி விளிம்புல நொடிக்கு 50 சென்டிமீட்டர், உள்ளே போனா 20 சொச்சம்தான். மெதுவா ஓடுற வரியில கூர்மையான சத்தத்தைச் சுத்தமா பதிக்க முடியாது, பிசிறடிக்கும். அதனால தாளம் அதிர்ற பாட்டை விளிம்புலயும், அடக்கமான பாட்டை உள்பக்கத்துலயும் வைக்கிறது நல்ல வழக்கம். கடைசியில இருக்கிற மெல்லிசான பாட்டு சோம்பேறித்தனத்துல அங்க போய்ச் சேரல. அதுக்குன்னு ஒதுக்கின இடம் அது. நம்ம கச்சேரியில மட்டும் என்ன? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தின முறையில வர்ணத்துல தொடங்கி மங்களத்துல முடியுது. ‘மங்களம் மட்டும் கேட்டுட்டுப் போறேன்’னு யாராவது கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு டிக்கெட் வாங்குவாங்களா?

அடுத்த தாக்குதல்: “யாருக்குய்யா நேரம் இருக்கு? முப்பது செகண்டுல பிடிக்கலைன்னா தள்ளிவிட்டுப் போயிடுவான்.” ஸ்பாட்டிஃபையில 30 நொடி ஓடினா ஒரு தடவை கேட்டதாக் கணக்கு, அது உண்மை. அந்த 30 நொடியை மாணிக்கவாசகர்கிட்ட கொண்டு போங்க. 2005-ல வந்த இளையராஜாவோட திருவாசகம், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிச்சது. அதுல ‘பொல்லா வினையேன்’ மட்டும் ஏறத்தாழ 20 நிமிஷம். “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்...” அண்ணன் நடுவுல வெட்டி எடுத்துக்கிட்டுப் போனா அவர் கையில இருக்கிறது புல்லும் பூடும். மனுஷன் வர்றதுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு!

நேரமா இல்லை? அடிவாரத்துல இருந்து இங்க வர முக்கால் மணி நேரம், 20 கொண்டை ஊசி வளைவு. முழு ஆல்பத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒவ்வொரு வளைவுக்கும் காத்து கொஞ்சம் கொஞ்சமா குளிருது, காது அடைச்சுத் திறக்குது. அதனாலதான் மேல வந்ததும் ‘அப்பாடா’ங்கிறோம்.

இறங்கிப் போறப்போ ஒரு காரியம் பண்ணுங்க. போன்ல ஆல்பத்தைத் திறந்து, வரிசையைக் கலைச்சுப் போடுற ஷஃபிள் அணைஞ்சிருக்கான்னு பாருங்க. 2021-ல பாடகி அடெல் கேட்டுக்கிட்டதுனால, ஸ்பாட்டிஃபையே ஆல்பம் பக்கத்துல ஷஃபிளைப் பின்னுக்குத் தள்ளிடுச்சு. பாடுறவங்களுக்குத் தெரியும் வரிசைன்னா என்னன்னு. அப்புறம் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்துல வைங்க. இல்லைன்னா ஒரு பாட்டோட வாலும் அடுத்ததோட தலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நடுவுல விட்ட மௌனம் செத்துப்போகும். ஆட்டோபிளேயை அணைங்க. கடைசிப் பாட்டு முடிஞ்ச ஈரம் காயறதுக்குள்ள சம்பந்தமில்லாத ஒண்ணு வந்து விழக் கூடாது. முதல் தடவை பிடிக்கலைன்னா விட்டுடாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போடுங்க. வைக்கோல்ல கிடக்கட்டும்.

நடுவர் மணியில கை வைக்கிறாரு. பட்டறைக்கு ஒரு தடவை திரும்பிப் போயிட்டு முடிச்சுக்கிறேன்.

முழு ஆல்பம் வந்த பிறகும் அந்த 12 பாட்டு கேசட்டை அவர் தூக்கிப் போடல. மேல யாரும் தவறிப் பதிஞ்சுடக் கூடாதுன்னு முதுகுல இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைச்சு வச்சாரு. வாரம் ஒரு தடவை பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு, நாடாவைப் படிக்கிற ஹெட்டையும், அதை இழுக்கச் சுத்துற கம்பியையும் துடைப்பாரு. நாடாவுல இருந்து உதிர்ற பழுப்புத் தூள் அங்கதான் ஒட்டும், ஒட்டினா பாட்டு மூக்கடைச்சுப் பாடும். அப்பா துடைக்கிறப்போ ஸ்பிரிட் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பொண்ணோட வேலை. பன்னிரண்டு பாட்டு, ஒரு பாதி வயலின், டக். அந்தக் குழந்தை அதைக் கேட்டே வளர்ந்துச்சு.

அப்பா இப்ப இல்லை. பட்டறையைப் பொண்ணுதான் பாக்குது. டேப் ரெக்கார்டர் பெல்ட்டு இளகி என்னைக்கோ நின்னுபோச்சு. ஆல்பம் முழுசும் போன்ல இருக்கு. சாயங்காலம் அதைப் போட்டுட்டு மணி பத்தவைக்கும். அந்த வயலின் வரும், ஒண்ணு கேக்கும், ஒண்ணு பதில் சொல்லும், மேல ஏறும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த இடம் வரும். ஊதுகுழல் வாயில இருந்து இறங்கிடும், கை நின்னுடும். இப்ப டக்குன்னு ஒரு சத்தம் வரணும்.

வரல. வயலின் போய்க்கிட்டே இருக்கு.

வணக்கம்.